கொஞ்சம் துணிச்சல் வேணும்

மருமகனாக வரப்போகிறவனின் கணுக்காலை உடைத்தவர் என்ற பெயர் ட்ரெவர் ஹாக்ஸ்வொர்த்துக்கு ஒரே மதியத்தில் ஷெஃபீல்ட் முழுக்கப் பரவிவிட்டது. கையால் உடைக்கவில்லை, வாயைத் திறக்காமல் உடைத்தார்.

அந்த மருமகன் பாஸ்டியன், பாறை ஏறுகிற பிரான்சுக்காரன். அவன் ஊர்ப் பாறைகளில் கயிறு மாட்ட ஆளுயரத்துக்கு ஒரு இரும்பு போல்ட் அடித்து வைத்திருப்பார்கள். கை சோர்ந்தால் கீழே கயிறு பிடிப்பவரிடம் "பிடிங்க" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக விழுவான், கயிறு தாங்கிக்கொள்ளும். ட்ரெவரின் இங்கிலாந்துப் பாறையில் போல்ட் அடித்தவனோடு பப்பில் ஒருவரும் பேச மாட்டார்கள். ஏறுகிறவனே வெடிப்புகளில் உலோகத் துண்டுகளைச் செருகிக்கொண்டு, அதில் கயிற்றை மாட்டிக்கொண்டு போக வேண்டும். அன்று இருவரும் போய் நின்ற பாறை வழியில் செருக ஒரே ஒரு வெடிப்பு. அதுவும் சந்தேகம்தான்.

"இது எப்படி?" என்று பாஸ்டியன் அண்ணாந்து பார்த்துக் கேட்டான்.

"கொஞ்சம் துணிச்சல் வேணும். அவ்வளவுதான்," என்றார் ட்ரெவர்.

விழுந்தால் தரைதான் என்று சொல்வது ட்ரெவரின் கூட்டத்தில் அலட்டலாகிவிடும். தவிர, முந்தின இரவு சாப்பாட்டு மேசையில் போல்ட்டை அவர் "கைப்பிடி வெச்ச மாடிப்படி" என்று கிண்டல் செய்திருந்தார். பாஸ்டியன் சிரித்தானே தவிர, கோபப்படவில்லை. அதுதான் ட்ரெவரை உறுத்தியது.

பாதி உயரத்துக்கு மேல் பாஸ்டியனின் கை சோர்ந்தது. "பிடிங்க" என்றான், சிரித்தபடியே விட்டுவிட்டான். செருகிய துண்டு கழன்று வந்தது. கீழே பிடித்திருந்த ட்ரெவரின் கையில் கயிறு தொளதொளவென்று கிடந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நண்பர் கிளிஃபோர்ட், "யாருக்கும் நடக்கும்ப்பா" என்று தோளைத் தட்டினார். மகள் ஃபிலிப்பா, "டீ வேணுமாப்பா?" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. டீ கேட்கிறாள் என்றால் விஷயம் முற்றிவிட்டது.

கட்டுப்போட்ட காலோடு படுத்திருந்தவனிடம் திராட்சைப் பொட்டலத்தை நீட்டினார் ட்ரெவர். உட்கார நாற்காலி இருந்தது, உட்காரவில்லை.

"பாஸ்டியன், என் தப்பா?"

பாஸ்டியன் ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான்.

"ஆமா, ட்ரெவர். விழாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஏறியிருக்கவே மாட்டேன். நீங்க சொல்ல மறக்கல. மாடிப்படிக்காரன் ஒருதரமாவது பயப்படறதைப் பாக்கணும்னு ஆசைப்பட்டீங்க."

ட்ரெவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"கீழ வர்ற வழியில பயந்தேன்," என்றான் அவன். "போதுமா?"