மேனேஜருக்குப் பசியில்லை

மேனேஜர் என்பது ஒரு கினிப்பன்றியின் பெயர். நாள் முழுக்க ஒரு வேலையும் செய்யாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார். ஃபிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் மட்டும் வீடே அதிரும்படி கூச்சல் போடுவார். அக்காவுக்குத் தன் பழைய ரயில்வே ஆபீஸ் ஞாபகம் வந்து அந்தப் பெயரை வைத்தாள். ஆட்சேபிக்க வீட்டில் தம்பி ஒருவன்தான் இருந்தான். அக்கா சொன்னால் அதற்கு மேல் அப்பீல் இல்லை என்று வளர்ந்தவன் அவன்.

அக்கா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள். தம்பி பல்செட் செய்பவன். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அவன் பட்டறையில் உட்கார்ந்து பல்வரிசை கோத்து, ராவி, மெருகேற்றித் திருப்பி அனுப்புவான். தலையில் முடி இருக்கிறதோ இல்லையோ, தொழிலில் கர்வம் நிறைய இருந்தது. அவன் செய்த பல்லைப் போட்டுக்கொண்டு வறுத்த கடலையை நொறுக்காதவர்கள் யாரும் இல்லை என்பான். அது உண்மையும்கூட.

அக்காவின் கடைசிப் பற்களும் விடைபெற்றபோது, டாக்டர் எதற்கு, எல்லாவற்றையும் நானே செய்கிறேன் என்று சமையலறை மேசையிலேயே அச்செடுத்தான். மற்ற வேலைகளை ஓரம் கட்டிவிட்டு, வாரக்கணக்கில் அந்த ஒரு செட்டோடு கிடந்தான். போட்டுப் பார்த்தபோது கண்ணாடியில் அக்காவுக்குப் பத்து வயது குறைந்திருந்தது. ஒரு துண்டு ஆப்பிளைக் கடித்தபோது உயிர் போய் உயிர் வந்தது. நிமிர்ந்து பார்த்தால், தம்பி பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையனைப் போல எதிரே நிற்கிறான்.

"எப்படிக்கா இருக்கு?"

"கல்லைக்கூடக் கடிக்கலாம்டா."

பொய் சொல்வது ஒரு நிமிட வேலை. அதைச் சோறு போட்டு வளர்ப்பதுதான் பெரும்பாடு. தம்பி காலையில் பட்டறைக்குக் கிளம்பினால் பல்செட் கைக்குட்டைக்குள் போகும். சாயங்காலம் அவன் சாவி சத்தம் கேட்டால் வாய்க்குள் போகும். இரவுச் சாப்பாட்டில் அக்கா ரொட்டியைத் தட்டில் இங்கும் அங்கும் நகர்த்திவிட்டு, மத்தியானமே வெளுத்துக் கட்டிவிட்டேன், பசியில்லை என்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள் என்று சொல்ல ஆசைதான். அதுதானே அவளால் முடியாத காரியம்.

மத்தியானம் அவள் வெளுத்துக் கட்டியது ஓட்ஸ் கஞ்சியும் குழைய வெந்த கேரட்டும். தனியாகச் சாப்பிடப் பிடிக்காமல் மேனேஜரை மடியில் வைத்துக்கொள்வாள். அவளுக்கு ஒரு கரண்டி, அவருக்கு ஒரு கரண்டி. மேனேஜருக்கு இந்தச் சுகம் பழகிவிட்டது. தம்பி காலையில் கூண்டில் வைத்துவிட்டுப் போகும் காய்ந்த புல்லை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. புல் அப்படியே கிடந்தால் தம்பி வருத்தப்படுவான், அப்புறம் கேள்வி கேட்பான், கேள்வி எங்கே போய் முடியும் என்று அக்காவுக்குத் தெரியும். அதனால் தினமும் அதை அள்ளி, பழைய செய்தித்தாளில் சுற்றி, குப்பையோடு குப்பையாக அனுப்பிவிடுவாள். சாயங்காலம் தம்பி காலிக் கூண்டைப் பார்த்து, பேஷாகத் தின்றிருக்கிறார் என்று பூரித்துப்போவான்.

இப்படி ஒரு வீட்டில் இரண்டு பேர் மெல்லாமலே காலம் தள்ளினார்கள். பிறகு ஒருநாள் மேனேஜர் கரண்டியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதலில் அக்கா அதைக் கோபம் என்று நினைத்தாள். மறுநாளும் அப்படியே. ஒரு வாய் வாங்குவார், வாயை வெறுமனே அசைப்பார், உணவு வெளியே விழும். மோவாய் எந்நேரமும் ஈரமாக இருந்தது. தூக்கினால் கையில் எடையே தெரியவில்லை, ரோமம் மட்டும்தான் இருந்தது. ஃபிரிட்ஜைத் திறந்தாலும் சத்தமில்லை. அக்கா ஒரு காரணமும் இல்லாமல் நாலு தடவை ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து மூடினாள்.

தம்பி வந்ததும் தொழில்முறையில் களத்தில் இறங்கினான். நெற்றியில் விளக்கைக் கட்டி, மேனேஜரின் உதட்டை விரலால் ஒதுக்கிப் பார்த்தான். முன்பற்கள் நாலும் முதல் தரம், இப்படி ஒரு வரிசையைத் தானே செய்ய முடியாது, கோளாறு வயிற்றில்தான் என்று தீர்ப்பு சொன்னான். தீர்ப்பு சொன்னவன்தான் காலையில் முதல் ஆளாக மேனேஜரைக் கூடையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினான். அக்கா பல்லைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

மிருக டாக்டர் ஒரு இளம்பெண். ஒல்லியான விளக்குக் குழலை மேனேஜரின் வாய்க்குள் விட்டுப் பார்த்தார். முன்பல்லில் ஒன்றுமில்லை, கடைவாய்ப் பற்கள்தான் வளைந்து வளர்ந்து நாக்கின் மேல் பாலம் கட்டியிருக்கின்றன என்றார். நாக்கு அதற்கடியில் மாட்டிக்கொண்டதால் விழுங்க முடியவில்லை. பசி இருக்கிறது, தின்னத்தான் வழியில்லை. இந்தப் பிராணிக்குப் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேய வேண்டும்.

"புல்லு தின்னுதா?" என்று டாக்டர் கேட்டார்.

தம்பி நெஞ்சை நிமிர்த்தினான். "தினமும் கூண்டு நிறைய வைக்கிறேன். சாயங்காலம் பார்த்தா ஒரு துரும்பு மிச்சம் இருக்காது."

டாக்டரின் முகம் மாறியது. அவர் விளக்கை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அவ்வளவு புல்லு தின்ன பிறகும் பல்லு இப்படி வளருதுன்னா, வேர்லயோ தாடையிலயோதான் கோளாறு இருக்கணும். இன்னைக்குத் தேய்ச்சுவிட்டாலும் திரும்பத் திரும்ப வளரும், ஒவ்வொரு தடவையும் மயக்க மருந்து கொடுக்கணும். இந்த உடம்பு அதைத் தாங்காது சார். கஷ்டப்படுத்தாம அனுப்பி வெச்சிடலாமான்னு நீங்க யோசிக்கணும்."

தம்பி கூடையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அக்கா சுவரில் மாட்டியிருந்த குதிரைப் படத்தை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். குளம்பு, வால், சேணம் எல்லாவற்றையும் பார்த்தாள். திடீரென்று அவளுக்கு உறைத்தது. ரயில் பெட்டிக்குள் ஏறியதும் யார் ஜன்னலுக்கு வெளியே இப்படி மும்முரமாக வேடிக்கை பார்க்கிறார்களோ, அவர்களிடம்தான் அவள் முதலில் போய் டிக்கெட் கேட்பாள். முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பானதில்லை.

தம்பியிடம் உண்மையைச் சொன்னால் அவன் உடைந்துபோவான். சொல்லாவிட்டால் மேனேஜர் இந்த மேசையை விட்டு இறங்கப்போவதில்லை.

"அது புல்லே தின்னலம்மா," என்றாள் அக்கா. "நான்தான் எடுத்துக் குப்பையில போட்டேன்."

டாக்டர் அவளைப் பார்த்தார். தம்பியும் பார்த்தான். அப்போ இத்தனை நாளாக அது என்னதான் சாப்பிட்டது என்று டாக்டர் கேட்டார்.

"நான் சாப்பிட்டதை. கஞ்சி, மசிச்ச கேரட்டு. என்னால அதைத்தான் சாப்பிட முடியும்." அக்கா கைக்குட்டையை எடுத்து, திரும்பிக்கொண்டு, இரண்டு வரிசைகளையும் கழற்றி அதில் வைத்தாள். பிறகு பொக்கை வாயோடு தம்பியை நேராகப் பார்த்துச் சொன்னாள். "இது போட்டா உயிர் போகுதுடா. முதல் நாள்லேருந்தே."

டாக்டருக்கு அந்தக் குடும்ப விவகாரத்தில் அக்கறை இல்லை. அவர் முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. காரணம் சாப்பாடுதான் என்றால் கதையே வேறு என்று எழுந்தார். இன்றைக்கே மயக்கம் கொடுத்துப் பல்லைத் தேய்த்துவிடலாம், புல் தின்னப் பழகிவிட்டால் பிழைத்துக்கொள்ளும். பழகும்வரை புல்தூளைக் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் ஊட்ட வேண்டும், தினமும் எடை பார்க்க வேண்டும், வைட்டமினுக்காகக் குடைமிளகாய் கொடுக்கலாம், கஞ்சியைக் கண்ணில்கூடக் காட்டக் கூடாது. கடைசி வாக்கியத்தை அக்காவைப் பார்த்து இரண்டு முறை சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தம்பி கூடையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மயக்கம் தெளிந்த மேனேஜர் கூடைக்குள் அரைத் தூக்கத்தில் இருந்தார். அக்காவுக்குத் திட்டு வாங்கியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து, அவள் மேனேஜரைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, அவன் பச்சைக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகக் கன்னத்துக்குள் விட்டான். பாதி உள்ளே போனது, மீதி அவன் சட்டையில். சிரிஞ்சைக் கழுவும்போதுதான் பேசினான்.

"பொய் சொன்னேன்னு எனக்குக் கோபம் இல்லக்கா. எதிர்ல உட்கார்ந்து நான் பாட்டுக்குத் தின்னுட்டு இருந்திருக்கேன், நீ பட்டினியா எழுந்து போயிருக்கே. அதை நினைச்சாத்தான் தாங்கல."

"உன் கையால எனக்குன்னு செஞ்சது. சரியில்லன்னு எப்படிடா சொல்றது?"

"வாயால சொல்றதுதான்," என்றான் தம்பி. சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். அக்காவும் துடைத்துக்கொண்டாள். மேனேஜர் இருவரையும் பார்த்து ஒரு தும்மல் போட்டார்.

அன்றிரவு அவன் பல்செட்டை விளக்கடியில் வைத்து அலசி ஆராய்ந்தான். வேலையில் பழுதில்லை. கடி எடுத்த மெழுகில்தான் தப்பு. மேல்தாடையும் கீழ்த்தாடையும் எங்கே சந்திக்கின்றன என்று அறிய மெழுகைக் கடிக்கச் சொல்வார்கள். அக்கா தாடையை முன்னால் தள்ளிக் கடித்திருக்கிறாள். யாராவது முகத்தருகே வந்து உற்றுப் பார்த்தால் மோவாயை நீட்டிக்கொண்டு நிற்பது அவள் தொழில் பழக்கம். டிக்கெட் இல்லாதவனிடம் காட்டும் தாடையைத் தம்பியிடம் காட்டியிருக்கிறாள், அவனும் அதுதான் அக்காவின் தாடை என்று நம்பிப் பல் கட்டியிருக்கிறான். புது செட்டுக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

மேனேஜர் அவ்வளவு சுலபத்தில் இறங்கி வரவில்லை. சிரிஞ்சைக் கண்டால் உதைத்தார். எடை ஒருநாள் ஏறினால் மறுநாள் இறங்கியது. குடைமிளகாயை நக்கிவிட்டு வைத்தார். புல்லை மட்டும் மெத்தையாக்கி அதன்மேல் படுத்துக்கொண்டார். டாக்டரிடம் போனில் கேட்டால், தானாகத் தின்ன ஆரம்பிக்காவிட்டால் பல் மறுபடி வளர்ந்துவிடும், பொறுத்துப் பாருங்கள் என்றார். இருவரும் மாறி மாறிக் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து கெஞ்சிப் பார்த்தார்கள். தம்பி ஒருமுறை தானே ஒரு புல்லை மென்று காட்டினான். மேனேஜர் மரியாதையாக வேடிக்கை பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி அக்காவை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, சூடு காட்டி இளக்கிய மெழுகை வாயில் வைத்தான். எச்சிலை விழுங்கு, அப்படியே கடி, மெழுகு இறுகும்வரை ஆடாதே, அசையாதே, மோவாயை நீட்டாதே என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். அக்கா கடித்தாள். அவன் அவள் மோவாயைப் பிடித்துக்கொண்டு, கூண்டுக்கு முதுகைக் காட்டி நின்றான்.

அவன் தோளுக்கு மேலாக அக்கா பார்த்தாள். மேனேஜர் எழுந்தார். படுக்கையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஒரு நீளமான புல்லை நுனியில் கவ்வினார். அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது, தாடை பக்கவாட்டில் ஆடியது, கரகரவென்று சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்றைக் கவ்வினார்.

அக்கா மூச்சை அடக்கினாள். தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஆடாதக்கா," என்றான் அவன். அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வலிக்கிறதா என்று அவன் பதறியபோது அவளால் அதற்கு மேல் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"திங்குதுடா!" என்றாள். மெழுகு தரையில் விழுந்தது.

தம்பி திரும்பினான். இருவரும் கூண்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். மேனேஜர் யாரையும் லட்சியம் செய்யாமல், விட்டுப்போன வேலையை எல்லாம் ஒரே நாளில் முடிப்பவரைப் போல அரைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு தம்பி கையை நீட்டி மெழுகை எடுத்துத் தூசி தட்டினான். விழுவதற்குள் ஓரளவு இறுகித்தான் இருக்கிறது, இதை வைத்தே செய்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றான்.

"சரியா வராதுடா," என்றாள் அக்கா. "நான் கடைசியில சிரிச்சுட்டேன். வேற எடு."

தம்பி முகமெல்லாம் சிரிப்பாக எழுந்துபோய், புது மெழுகை இளக்க அடுப்பைப் பற்றவைத்தான்.