தோற்றவன் இறைத்த தண்ணீர்

ஒன்பதாவது வாளியையும் ஹம்தூனே இறைத்தான். மனைவி நுஸ்ஹாவின் அண்ணன் இத்ரீஸ் கயிற்றைப் பிடிக்க வர, அவனை முழங்கையால் விலக்கினான்.

"போதும் மச்சான். கொஞ்சம் உக்காருங்க" என்றான் இத்ரீஸ்.

ஹம்தூன் வாளியைக் கதவருகே வைத்தான். நுஸ்ஹாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த பெண் உள்ளிருந்து கையை நீட்டினாள்.

"மால்ட்டாத் தண்ணி பூராவும் இங்கயே தீந்துரும் போலருக்கே. இன்னும் ரெண்டு வாளிதான் வேணும். இலந்தையிலை போட்டுக் கொண்டா."

மறுபடியும் கிணற்றுக்குப் போனான்.

ஒருவர் பாதி அடி சொன்னால் மற்றவர் அதே சந்தத்தில் முடிக்க வேண்டும். தீவில் எழுத்துத் தெரிந்தவர்கள் கூடினாலே இந்த விளையாட்டுதான். முடிக்காதவர் தண்ணீர் இறைக்க வேண்டும் என்பது மட்டும் நுஸ்ஹா போட்ட விதி. நாலு வருடமாகப் பெரும்பாலும் அவன்தான் இறைத்தான். "படிச்ச மாப்பிள்ளைன்னு கட்டி வச்சாங்க. தண்ணிக்காரர்னு தெரியாமப் போச்சே" என்று சிரிப்பாள்.

இன்று காலை காய்ச்சலோடு சொன்னாள்: 'நாற்புறமும் கடல் காக்கும் வீட்டில்...'

"காய்ச்சல் இறங்கட்டும். சாயங்காலம் சொல்றேன்."

"தவணை கேக்குறீங்களா?"

கண்ணை மூடிக்கொண்டாள். நண்பகல் லுஹர் பாங்குக்கு முன் மூச்சு நின்றுவிட்டது.

மண் விழுவதற்குள் மீதி அடியைச் சொல்லிவிட வேண்டும். அவள் கிடந்த சந்தூக்கைத் தோளில் வைத்தபோது அவனுக்குள் அது ஒன்றுதான் ஓடியது. கோட்டை வாசலில், தீவை ஆளும் பிராங்கியரின் காவலன் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கினான். வழியெல்லாம் ஒரு சொல்லும் வரவில்லை.

கபுறுக்குழி வெட்டி முடியும்வரை நின்றார்கள். ஹம்தூன் அந்தப் பாதி அடியை இத்ரீஸிடம் மெல்லச் சொன்னான். இத்ரீஸ் பலெர்மோவில் கிறிஸ்தவ அரசருக்கு முன்னால் அரபியில் பாடிப் பட்டு வாங்கியவன். கண்ணைத் துடைத்துக்கொண்டான். ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

"'யாரைக் கேட்டு நுழைந்தது மரணம்?' இத வச்சுக்கங்க மச்சான். அவ காதுல நீங்களே சொல்லிருங்க. கபுறு மேல நடுற மீஸான் கல்லுலயும் வெட்டிரலாம்."

சந்தம் பிசகவில்லை. ஹம்தூன் ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

"என்கிட்டதானே கேட்டா."

இருவரும் கபுறுக்குள் இறங்கி, அவளை வலப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். ஹம்தூன் குனிந்தபடியே இருந்தான். மேலே காத்திருந்தவர்கள் இருமினார்கள். மீதி அடி வரவில்லை; ஏறி வந்து மூன்று பிடி மண் போட்டான்.

வீடு திரும்பியபோது வெயில் இன்னும் இருந்தது. குடங்கள் காலியாகக் கிடந்தன. இத்ரீஸ் ஒன்றைத் தூக்கினான்.

"அத வைங்க மச்சான்."

ஹம்தூன் கயிற்றை எடுத்தான். பெரிய குடம் இரண்டையும் நிரப்பினான். பிறகு அவள் படுக்கையின் தலைமாட்டில் இருந்த சின்னக் கூஜாவை எடுத்துவந்து, கழுவி, விளிம்புவரை நிரப்பி, இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தான்.