கோயில் வாசல் வரைக்கும் ஒரு கொடி

2026 ஏப்ரல் 16, வியாழக்கிழமை விடியற்காலையில், வல்லம் வடகால் அந்தோணியார் கோயில் தெருவில் சாலமோன் இறந்தார். வயது எண்பத்தாறு. வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் இருந்தது. அவர் தன் ஓட்டை முந்தின நாளே போட்டிருந்தார்.

கிளாரா அப்பாவின் தாடையைத் தூக்கிப் பிடித்து, வெள்ளைத் துணியால் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். முதல் முடிச்சு நழுவிவிட்டது. இரவு ஷிஃப்ட் முடிந்து அப்படியே வந்திருந்தாள். கம்பெனி ஹவுஸ்கீப்பிங் சட்டையைக்கூட மாற்றவில்லை. விரல்களில் பினாயில் வாசனை இருந்தது. குன்றத்தூரிலிருந்து வேனை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்த தம்பி டென்னிஸ், கால்மாட்டில் நின்றான். மூக்கைச் சிந்தினான். பிறகு கேட்டான்.

"கண்ணப்பன் மாமாவுக்கு சொல்ட்டியா?"

"சொல்லாம இருப்பேனா?"

"கொடி எடுத்துக்கினு வராரா?"

கிளாரா இரண்டாவது முடிச்சைப் போட்டாள்.

சாலமோன் கட்சியின் கிளைச் செயலாளர். நாற்பது வருடமாக அவர்தான். கடைசி இரண்டு வருடம் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை என்றாலும் யாரும் மாற்றவில்லை. கட்சிக்காரர் செத்தால் ஒன்றியச் செயலாளர் புதுக் கொடி ஒன்றை எடுத்து வந்து கழுத்திலிருந்து கால் வரை விரிப்பார். அந்தப் பக்கத்தில் எந்த மாலைக்கும் மேலான மரியாதை அது. இந்து வீடென்றால் கொடி சுடுகாடு வரை போகும். கிறிஸ்தவ வீடென்றால் கோயில் வாசல் வரைதான். அங்கே உபதேசியார் கொடியை எடுத்து மடித்து வீட்டாரிடம் கொடுத்துவிட்டு, பெட்டியின் மேல் வெள்ளைத் துணியை விரிப்பார். சாலமோன் வீட்டிலிருந்து கோயில் வாசலுக்குக் கூப்பிடு தூரம். அந்தக் கூப்பிடு தூரத்துக்காகத்தான் அவர் சில மாதங்களாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

கவலைக்குக் காரணம் கோமதிநாயகம். தென்காசிப் பக்கத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஒன்றுக்கு வேலைக்கு வந்தவர். தொழிற்சங்கத்தில் வளர்ந்து, இந்தக் கட்சியின் சின்னத்திலேயே ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனவர். அவரை வளர்த்துவிட்டவர் சாலமோன்தான் என்று கட்சியில் பேச்சு இருந்தது. ஐந்து வருடத்தில் கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவனுக்கும் அவர் வேலை வாங்கித் தரவில்லை. டென்னிஸ் சிபாரிசுக் கடிதம் கேட்டுப் போனபோது டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அதைக்கூடக் கட்சி பொறுத்திருக்கும். ஏரிக்கு வரும் கால்வாயை மூடி லாரி நிறுத்துமிடம் கட்டப் போவதைப் பற்றி, சட்டசபையில் எழுந்து சொந்தக் கட்சி அமைச்சரையே கேள்வி கேட்டார். அது டிவியில் வந்தது. நிறுத்துமிடமும் வந்தது. கட்சிக்குத் தலைகுனிவு என்றார்கள். இந்தத் தடவை சீட்டு வெங்கடேசனுக்குப் போனது. கம்பெனிகளுக்குக் கான்ட்ராக்ட் ஆட்களும் வேன்களும் விடுகிறவர். கோமதிநாயகம் சுயேச்சையாகத் தையல் மெஷின் சின்னத்தில் நின்றார். அவரைக் கட்சியிலிருந்து நீக்கி, அவரோடு கட்சியினர் எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அறிக்கை வந்தது.

அறிக்கையை டென்னிஸ்தான் அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினான். "கட்சிக்கும் ஒதவல, நமக்கும் ஒதவல. வேணும் அந்தாளுக்கு" என்றான். சாலமோன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். காதில் விழவில்லை என்று நினைத்தான்.

எண்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்குகிறார்கள். புதன்கிழமை மதியம் அதிகாரிகள் வந்தார்கள். கட்டிலைச் சுற்றி அட்டை மறைப்பு வைத்தார்கள். கட்சி ஏஜென்டாக ரகு வாசற்படியில் நின்றான். அப்பாவுக்குக் கை நடுக்கம், பேனா பிடிக்க முடியாது. கூட ஒருவர் உதவலாம் என்றார்கள். யாருக்குப் போட்டது என்று எவரிடமும் சொல்லமாட்டேன் என எழுதி வாங்கிக்கொண்டு கிளாராவை மறைப்புக்குள் விட்டார்கள்.

அவள் பெயர்களை ஒவ்வொன்றாகக் காதருகே படித்தாள். அப்பாவின் விரல் தாளின் மேல் ஊர்ந்து, கீழே போய், தையல் மெஷினில் நின்றது.

"அப்பா, நம்ம சின்னம் மேல கீது. நீ கீழ காட்றியே."

காது மந்தமானவரிடம் பேசிப் பேசிப் பழகிய குரல். வீடு முழுக்கக் கேட்டது. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. விரல் நகரவில்லை.

"அவன் சட்டசபையில கேட்டான் இல்ல" என்றார் அப்பா, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "கேக்கத்தான அனுப்பனோம்."

அவள் டிக் செய்தாள். கவரை ஒட்டினார்கள், பெட்டியில் போட்டார்கள், போனார்கள். அரை டம்ளர் கஞ்சி குடித்துவிட்டு அப்பா கேட்டார்: "கொடி போடுவாங்க இல்ல?"

"போடுவாங்கப்பா."

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஓட்டு ஒரு சமாச்சாரம், கொடி வேறு சமாச்சாரம் என்றே அவர் நினைத்திருந்தார். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதால் கிளாராவும் அதற்கு மேல் யோசிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரியைத் துணைக்கு உட்காரவைத்துவிட்டுப் போனாள்.

ஐஸ் பெட்டி வந்தது. பந்தல் போட்டுக்கொண்டிருக்கும்போதே தேர்தல் பறக்கும் படையின் ஜீப் தெருவுக்குள் நுழைந்தது. கேமராக்காரர் இறங்கி நாற்காலிகளைப் படம் பிடித்தார்.

"யார் கூட்டம் இது?" என்றார் அதிகாரி.

"சாவு சார்" என்றான் டென்னிஸ்.

"அது தெரியுது. எந்தக் கட்சி?"

"உள்ள வந்து அவரையே கேளுங்க."

அதிகாரி செருப்பைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார், கையெடுத்துக் கும்பிட்டார், போய்விட்டார். பந்தல்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கோமதிநாயகம் வந்தபோது கூட ஒரே ஒரு ஆள் இருந்தான். பிரச்சாரத்தில் கறுத்திருந்தார், தொண்டை கட்டிப்போயிருந்தது. மாலையை வைத்துவிட்டு கிளாராவின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். பந்தலில் இருந்த கட்சிக்காரர்கள் இருவர் எழுந்து தெருவுக்குப் போனார்கள்.

"கடைசியில கஷ்டப்பட்டாவளா?"

"இல்ல. தூக்கத்துலயே."

"நல்ல சாவு." பெட்டியின் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தைத் துண்டால் துடைத்தார். "மொத எலெக்‌ஷன்ல என்னய வீடு வீடா கூட்டிட்டுப் போனது அண்ணாச்சிதான். நான் பேசுத தமிழு இந்த ஊருல பாதிப் பேருக்குப் புரியல. அவுகதான் கூடவே மொழிபெயர்த்துட்டு வந்தாவ."

கிளாராவுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது.

"இந்த வாட்டி எனக்குப் போட்டிருக்க மாட்டாவ. தெரியும். அவுக சின்னத்த விட்டு வர்ற ஆளு கெடையாது. அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, பாத்துக்கிடுங்க."

கிளாரா மெழுகுவர்த்தியின் திரியை நகத்தால் நிமிர்த்தினாள். சூடு பட்டது. ஒரு வார்த்தை போதும். இந்த மனுஷன் எழுந்து போகும்போது முகம் வேறு மாதிரி இருக்கும். இவர்மேல் அவளுக்குத் தனி அபிமானம் ஒன்றும் கிடையாது. மழையில் தெரு முழுகியபோது மூன்று நாள் கழித்துத்தான் வந்தார். இருந்தாலும் வாய்வரை வந்தது.

"காபி குடிக்கிறீங்களா சார்?" என்றாள்.

"வேண்டாம்மா" என்று எழுந்துவிட்டார்.

அவர் போன பிறகு கண்ணப்பன் வந்தார். ஒன்றியச் செயலாளர், அப்பாவின் சிநேகிதர். பெட்டியைப் பார்த்ததும் வாய்விட்டு அழுதார். கொடி ரகுவின் கையில் இருந்தது, செய்தித்தாளில் சுற்றி. தெருமுனையில் வெங்கடேசனின் கார் இன்ஜினை நிறுத்தாமல் நின்றது. கண்ணப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளாராவை அடுக்களைக்குள் கூப்பிட்டார். டென்னிஸும் பின்னால் வந்தான்.

"ரகு இன்னா இன்னாமோ சொல்றான்மா. நேத்து உள்ளேருந்து உன் சத்தம் கேட்டுச்சாம். கீழ காட்றியேன்னு."

"அப்பாவுக்குக் காது கேக்காது மாமா. சத்தமாத்தான் பேசணும்."

"எனக்குத் தெரியாதா? அவராண்ட கத்திக் கத்தியேதான் என் தொண்ட போச்சு." சிரிக்கப் பார்த்து, முடியாமல் நிறுத்தினார். "வெங்கடேசன் கார்ல உக்காந்துகினு கீறான். நீக்கன ஆளுக்கு ஓட்டு போட்டவருக்குக் கட்சிக் கொடி எதுக்குன்றான். நீ ஒரே ஒரு வார்த்த சொல்லு, சின்னத்துக்குத்தான் போட்டாருன்னு. ரகு வாய நான் அடைக்கிறேன்."

"கொடிக்கும் ஓட்டுக்கும் இன்னா மாமா?"

"உங்கப்பாவே சொன்னதுதான். நம்ம கட்சி ஐயனார் செத்தப்போ என் கையிலேருந்து கொடிய வாங்கிக்கினு வாசல் வரைக்கும் போயிட்டு, அந்தாளு வேற கட்சி பூத்துல உக்காந்தாருன்னு கேட்டதும் அக்குள்ல வெச்சிக்கினு திரும்பி வந்தாரா இல்லையா? நான் எவ்ளோ சொன்னேன். கேக்கல."

கிளாராவுக்கு அந்த நாள் நினைவிருந்தது. ஐயனாரின் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பா வீட்டுக்கு வந்து, எப்போதும் போலச் சாப்பிட்டார்.

"அக்கா, சொல்லிடேன்" என்றான் டென்னிஸ். "அப்பா எழுந்து வந்து இல்லன்னு சொல்லப் போறாரா? என் வேன் வெங்கடேசன் அண்ணன்கிட்டதான் ஓடுது. மறந்துட்டியா?"

அவள் மறக்கவில்லை. சரி என்று தலையாட்டினால் கொடி விரியும். அப்பா கேட்டது கிடைக்கும். சாயங்காலமே ஆட்டோவில் மைக் கட்டி, பெரியவர் சாலமோனின் கடைசி ஓட்டும் நமக்கே என்று தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். காலையில் தரையில் உட்கார்ந்திருந்த ஆளின் காதிலும் விழும். அவர் நம்புவார், ஏற்கெனவே அப்படித்தான் நம்பிக்கொண்டு போயிருக்கிறார். இல்லை என்று சொன்னாலும், ஒன்றுமே சொல்லாவிட்டாலும் கொடி கிடையாது. தாளின் மேல் அந்த விரல் நகராமல் நின்றது. போடுவாங்கப்பா என்று சொன்னதும் இதே வாய்தான். அவளுக்கு எங்கேயாவது உட்கார வேண்டும் போலிருந்தது. அடுக்களையில் உட்கார இடமில்லை.

"சொல்லமாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேன் மாமா" என்றாள்.

"எவன் வந்து கேக்கப் போறான்மா?"

"நீங்கதான் கேக்கறீங்க."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. டென்னிஸ் கேஸை அணைத்தான். "உன் மவனுக்கு நாளைக்கு இதே மாதிரி ஒண்ணு வரும், அப்போ தெரியும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். அவளுக்கு மகன் கிடையாது. ஆத்திரத்தில் அவனுக்கு அது தோன்றவில்லை.

கண்ணப்பன் ரகுவிடம் ஏதோ சொன்னார். ரகு பொட்டலத்தைப் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு நடந்தான். கார் கிளம்பியது. போகும்போது ஹாரன் அடித்துக் கண்ணப்பனைக் கூப்பிட்டார்கள். அவர் பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

நாலு மணிக்குச் சவப்பெட்டியை எடுத்தார்கள். முன்னால் சிலுவை, பின்னால் மணி. கம்பெனி பஸ்கள் ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டில் போய்க்கொண்டிருந்தன. டென்னிஸ் தலைப்பக்கம் பிடித்தான். அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோயில் வாசலில் இறக்கியதும் உபதேசியார் வழக்கம்போலக் குனிந்தார். சாலமோன் வீட்டுச் சாவில் கொடி இல்லாமல் இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"எடுக்க வேண்டியது ஒண்ணும் இல்லியா?" என்றார் மெதுவாக.

"இல்ல" என்றாள் கிளாரா.

அவர் வெள்ளைத் துணியை விரித்தார். பூசை தொடங்கியது.

மே மாதம் எண்ணினார்கள். வீடுகளில் வாங்கியதும் சேர்த்துத் தபால் ஓட்டுகளை முதலில் பிரித்தார்கள். வெங்கடேசன் ஜெயித்தார். கோமதிநாயகம் மூன்றாவதாக வந்து டெபாசிட் இழந்தார். கிளைச் செயலாளர் பொறுப்பு ரகுவுக்குக் கொடுக்கப்பட்டது. டென்னிஸின் வேனை ஜூன் முதல் நிறுத்திவிட்டார்கள். இப்போது அவன் படப்பைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான்.