எண்பது பக்கம்

தமிழினியின் ப்ராஜெக்ட்டை இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். அவர் படித்ததால் பதினோரு பெண்களுக்கு வேலை போயிற்று.

பி.பி.ஏ. கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்டை யாரும் படிப்பதில்லை என்பது விருத்தாசலத்தில் ஜெராக்ஸ் கடைக்காரர் முதல் காலேஜ் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் தெரியும். படிக்க ஆள் இல்லாததை எழுதுவானேன் என்று பிள்ளைகளும் எழுதுவதில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் போய்த் தலைப்பைச் சொன்னால் போதும். போன வருஷத்துப் பிள்ளையின் பெயரை எடுத்துவிட்டு இந்த வருஷத்துப் பிள்ளையின் பெயரைப் போட்டு, மெரூன் கலர் அட்டையில் தங்க எழுத்து அடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். எங்கோ ஒரு ஸ்டீல் கம்பெனியைப் பற்றிய ப்ராஜெக்ட்டில் கம்பெனி பெயரை மட்டும் மாற்றி, நம்மூர் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் இரும்பு உருக்குகிறார்கள் என்று எழுதிக் கொடுத்துப் பாஸான மகராசனும் உண்டு.

ஊரே இப்படிப் போக, தமிழினிக்கு மட்டும் ஒரு வீம்பு. தானே கேள்வி தயாரிக்க வேண்டும், தானே போய்க் கேட்க வேண்டும், தானே எழுத வேண்டும். மூன்று வருஷமாக மனப்பாடம் செய்து மனப்பாடம் செய்து அலுத்துப்போன பெண். சொந்தமாக ஒன்றைச் செய்துவிட்டுத்தான் இந்தக் காலேஜை விட்டு வெளியே போவேன் என்று நினைத்தாள். நல்ல ஆசைதான். ஆசைக்கு என்ன, யாருக்கு வேண்டுமானாலும் வரும்.

செராமிக் பேட்டையில் ஃபியூஸ் கேரியரும் பொம்மையும் செய்கிற ஒரு கம்பெனியைப் பிடித்தாள். ‘தொழிலாளர்களின் வேலைத் திருப்தி’ என்பது தலைப்பு. மேனேஜர் ராஜ்மோகன் மரியாதையான மனுஷர். உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, ஒரே நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார்.

“முடிச்சதும் ஒரு காப்பி எங்களுக்குக் குடுத்துடும்மா. அதப் பாத்துட்டுதான் சர்ட்டிஃபிகேட் தருவேன்.”

கம்பெனி சர்ட்டிஃபிகேட் இல்லாமல் வைவா இல்லை. வைவா இல்லாமல் டிகிரி இல்லை. தமிழினி சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

கேள்வித்தாளோடு முதல் நாள் போனபோது, வேலை செய்கிற பெண்கள் நாற்பது பேரையும் வரிசையாக உட்காரவைத்துப் பேசலாம் என்று நினைத்திருந்தாள். அது கல்யாண வீட்டுப் பந்தி என்று நினைத்தாளோ என்னவோ. அச்சிலிருந்து எடுத்த பச்சை மண் சாமான்களை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துச் சீராக்கும் பெண்கள், இருந்த இடத்திலிருந்தே தாளை வாங்கிக்கொண்டார்கள். சூப்பர்வைசர் சாமிதுரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொருத்தி முதுகுக்குப் பின்னாலும் நின்றார். அவர் வேறொன்றும் செய்யவில்லை, நின்றார், அவ்வளவுதான். நாற்பது தாளிலும் எல்லாக் கேள்விக்கும் ‘மிகவும் திருப்தி’ என்று டிக் விழுந்தது. குடிதண்ணீர், கழிப்பறை, மேலாளரின் அணுகுமுறை, எல்லாம் மிகவும் திருப்தி. சொர்க்கத்தில்கூட இவ்வளவு திருப்தி இருக்காது.

தாள்களை வைத்துக்கொண்டு கம்பெனி கேட்டில் நின்று முழித்துக்கொண்டிருந்தவளிடம் வீராயி வந்து பேசினாள். கம்மாபுரம் பக்கத்துக் கிராமம். நாற்பத்தைந்து வயதிருக்கும். சேலையில் வெள்ளை மண் திட்டுத்திட்டாகக் காய்ந்திருந்தது.

“உள்ள வச்சிக் கேட்டா இதான் பாப்பா வரும். எங்க பஸ்ஸுல ஏறு. அங்க கேளு, சொல்றோம்.”

பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ். அதில் நாலு நாள் தமிழினி அவர்களோடு போய் வந்தாள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பொம்பளைகள் கழிப்பறையின் சாவி சாமிதுரையின் பாக்கெட்டில் இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் திறக்கும். அதற்குப் பயந்து, சூளைப் பக்கத்தில் அந்த வேக்காட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் காலையிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பதில்லை. பாதிப் பேருக்கு நீர்க்கடுப்பு. ஒருத்திக்கு மயக்கம் வந்து விழுந்து நெற்றியில் தையல்.

பதினோரு பேர் புதிதாகத் தாளை நிரப்பிக் கொடுத்தார்கள். “பேரு எழுத வேணாங்கக்கா” என்றுதான் தமிழினி சொன்னாள். சொல்லவில்லை என்று பொய் சொல்லக்கூடாது.

வீராயி சிரித்தாள். “பேரு இல்லாத காயிதத்த எவன் மதிப்பான்? நெலத்துக்காக நாங்க குடுக்காத மனுவா? மொட்டக் காயிதம்னு ஓரமா வச்சிடுவாங்க பாப்பா. கையெழுத்து போட்டாத்தான் நம்ம பேச்சு நிக்கும்.”

நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போகுமோ, எப்போது போகுமோ என்று வருஷக்கணக்கில் மனு எழுதி எழுதிப் பழகிய ஊர்க்காரர்கள். பதினோரு பேரும் பெயர், அப்பா பெயர் அல்லது வீட்டுக்காரர் பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். வீராயி தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் ‘மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு’ என்று தொடங்கி, சாவி விஷயத்தைப் பொடி எழுத்தில் நுணுக்கி எழுதினாள். காலேஜிலிருந்து கேட்கிறார்கள் என்றால் மேலே யாரோ பார்க்கப்போகிறார்கள் என்று அவள் நம்பினாள். அப்படி யாரும் இல்லை என்று தமிழினி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கையில் நிஜமான பதில்கள் கிடைத்த குஷியில் அந்த வார்த்தை அவள் வாயில் வரவில்லை.

கைடு குருமூர்த்தி சார் பதினோரு தாளையும் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இத டேபிள்ல போட்டா கம்பெனி சர்ட்டிஃபிகேட் குடுப்பானா? முன்னாடி வாங்குனியே நாப்பது, அத போடு.”

“சார், அது எல்லாமே பொய் சார்.”

“டிக் போட்டது அவங்க. நீயா போட்ட? டிகிரி வேணுமா, சண்டை வேணுமா, நீயே முடிவு பண்ணு.”

தமிழினி இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் அந்த நாற்பது தாளை வைத்துக் கட்டம் போட்டு, வட்டப் படம் போட்டு, ‘தொழிலாளர்களில் நூறு சதவீதம் பேர் மிகவும் திருப்தியாக உள்ளனர்’ என்று இங்கிலீஷில் எழுதினாள். குருமூர்த்தி சாரே நூறை எண்பத்தேழாக மாற்றச் சொன்னார். நூறு என்றால் நம்பமாட்டார்களாம். எவ்வளவு பொய் சொன்னால் உண்மை மாதிரி இருக்கும் என்பதிலும் அனுபவம் வேண்டியிருக்கிறது.

எழுதி முடித்து எண்ணினால் அறுபத்தொன்பது பக்கம். எண்பதுக்குக் குறைந்தால் டிபார்ட்மென்டில் வாங்கமாட்டார்கள். மறுநாள் கடைசித் தேதி. ஜெராக்ஸ் கடையில் நின்றபடி தமிழினி பையைத் துழாவினாள். அந்தப் பதினோரு தாள் கையில் வந்தது. கணக்குச் சரியாக இருந்தது. பின்னிணைப்பு என்று தலைப்புப் போட்டுச் சேர்க்கச் சொல்லிவிட்டாள். டேபிளில்தான் இடமில்லை, பின்னாலாவது இருக்கட்டுமே, அவர்கள் சொன்னதும் ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று அவளுக்கு ஒரு சமாதானம். யார் படிக்கப்போகிறார்கள்?

மூன்று காப்பி தைத்தார்கள். ஒன்று காலேஜுக்கு, ஒன்று அவளுக்கு. வெள்ளிக்கிழமை மூன்றாவதைக் கொண்டுபோய் ராஜ்மோகனிடம் கொடுத்தாள். இருப்பதில் பளிச்சென்று இருந்ததாகப் பார்த்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை சர்ட்டிஃபிகேட் வாங்கப் போனபோது அவர் எழுந்து நின்று கையே கொடுத்தார்.

“ரொம்ப நல்லா எழுதியிருக்கம்மா. இங்க வந்து ப்ராஜெக்ட் பண்ண புள்ளைங்கள்ல நீ ஒருத்திதான் உக்காந்து சொந்தமா எழுதியிருக்க. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் படிச்சேன்.”

தமிழினிக்கு ஒரு விநாடி உண்மையிலேயே பெருமையாக இருந்தது. அந்த ஒரு விநாடிக்காக அப்புறம் அவள் தன்னையே எவ்வளவு திட்டிக்கொண்டாள் என்பதற்கு அளவில்லை.

புத்தகம் மேசைமேல் திறந்து கிடந்தது. பின்னிணைப்பு. பக்கத்துக்கு ஒன்றாக மஞ்சள் துண்டுத்தாள் ஒட்டியிருந்தது. கையெழுத்துகள் நீல மையில் இருந்தன. கடைக்காரர் அசல் தாள்களை ஒரு காப்பியில் வைத்துத் தைத்திருக்கிறார். பளிச்சென்று இருக்கிறதே என்று அவள் எடுத்துக் கொடுத்தது அதைத்தான்.

“பின்னாடி இருக்கறதுதான் எங்களுக்கு ரொம்ப உபயோகமா இருந்துது” என்றார் ராஜ்மோகன், குரல் மாறாமல். “இவ்ளோ அதிருப்தி உள்ளவங்கள கட்டாயப்படுத்தி வச்சிக்கக்கூடாது பாரும்மா. இன்னையிலேர்ந்து வர வேணாம்னு சொல்லியாச்சு.”

தமிழினி வாயில் வந்ததைச் சொன்னாள்.

“சார், அது அவங்க எழுதல சார். பக்கம் பத்தலன்னு நானே எழுதி, நானே கையெழுத்து போட்டேன் சார். போலி சார்.”

அவர் சிரிக்கவில்லை. கோபமும் படவில்லை. “வருகைப் பதிவேட்டுல தெனம் பாக்கற கையெழுத்தும்மா. எனக்குத் தெரியாதா? அப்பிடியே நீ எழுதினதா வச்சிக்கிட்டாலும், போலி டேட்டான்னு உங்க காலேஜுக்கு நான் எழுதணும். உன் டிகிரியும் போவும், அவங்க வேலையும் திரும்ப வராது. எதுக்கும்மா?” என்று சொல்லி, சீல் வைத்த சர்ட்டிஃபிகேட்டை உறையில் போட்டு நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். வாங்காமல் வந்திருக்கலாமே என்று சொல்கிறவர்கள் அந்த அறையில் அவள் இடத்தில் நின்றவர்கள் இல்லை.

குருமூர்த்தி சாரிடம் ஓடினாள். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். “அசல் தாளையா குடுத்த? யானை வாயில போன கரும்பும்மா அது. இப்ப வைவாவ முடி. மத்தது நம்ம கையில இல்ல.”

புதன்கிழமை வைவா. வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். புரட்டவில்லை, கனத்தைத்தான் பார்த்தார். “உங்க ஆய்வின் வரம்புகள் என்ன?” என்று இங்கிலீஷில் கேட்டார். நேரம் குறைவு, நாற்பது பேரைத்தான் கேட்க முடிந்தது என்று அவள் மனப்பாடமாகச் சொன்னாள். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. வகுப்பிலேயே அதுதான் அதிகம். தோழிகள் ட்ரீட் கேட்டார்கள். கழிப்பறைக்குப் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் கம்மாபுரம் பஸ் நிற்கிற இடத்தில் வீராயி உட்கார்ந்திருந்தாள். பார்க்காததுபோல் போய்விடலாமா என்று நினைத்தவளை அவளே கூப்பிட்டாள்.

“பரீட்ச எப்பிடிம்மா எழுதன?”

“முடிஞ்சிடுச்சிங்கக்கா.” பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. “என்னாலதாங்கக்கா எல்லாம். நான்தான் குடுத்தேன்.”

“நீ என்னா பண்ணுவ? கேட்டான், குடுத்த.” வீராயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “பேட்டையில நாலு கம்பெனி ஏறி எறங்கிட்டோம். பேர கேட்டதும் ஆள் எடுக்கலன்னுட்டாங்க. அது கெடக்கட்டும். வர திங்கக்கெழம பதினோரு பேரும் கலெக்டர் ஆபீஸுல மனு குடுக்கப் போறோம். உன் புஸ்தகம் ஒண்ணு குடு பாப்பா. காலேஜு சீலு இருக்குதுல்ல? நாங்க சொன்னா நம்பமாட்டாங்க. படிச்ச புள்ள எழுதனத நம்புவாங்க.”

புத்தகம் தமிழினியின் பையில்தான் இருந்தது. எடுத்தாள். கொடுக்கவில்லை.

“இது வேணாங்கக்கா.”

“ஏன்?”

“முன்னாடி வேற மாதிரி எழுதியிருக்குது. எல்லாரும் திருப்தியா இருக்காங்கன்னு எழுதியிருக்குது.”

“யாரு எழுதனது?”

“நான்தாங்க.”

வீராயி அவளையே பார்த்தாள். “அப்ப நாங்க பஸ்ஸுல சொன்னது?”

“பின்னாடி வச்சேன். பக்கம் பத்தலன்னு.”

ஒரு பஸ் வந்து ஆள் இறக்கிப் போயிற்று. வீராயி திட்டியிருந்தால் தமிழினிக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். அவள் திட்டவில்லை.

“சரி, அந்தத் தாள மட்டும் கிழிச்சிக் குடு. நாங்க கையெழுத்து போட்டத.”

தையல் கெட்டியாக இருந்தது. தமிழினி ஒவ்வொன்றாக இழுத்துப் பதினோரு தாளையும் பிய்த்துக் கொடுத்தாள். வீராயி தன்னுடையதைத் தேடி எடுத்தாள். கையெழுத்தின்மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தாள். தாளைத் திருப்பி, பேனா அழுந்திய தடம் பின்னால் இருக்கிறதா என்று தடவினாள்.

“இது ஜெராக்ஸு.”

“ஆமாங்கக்கா.”

“மனுவுல ஜெராக்ஸு வச்சா நிக்காதே பாப்பா. அசலு எங்க?”

“கம்பெனியில இருக்குதுங்க.”

கம்மாபுரம் பஸ் வந்து நின்றது. வீராயி தாள்களை அடுக்கித் தமிழினியின் மடியில் வைத்துவிட்டு, எழுந்து போய் ஏறிக்கொண்டாள்.