பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா?

1.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது செய்தியாக வந்திருக்க வேண்டியது. கிர்கிஸ்தானின் நரின் நகரச் சுகாதார நிலையத்தில், சின்னக் குழந்தைகளுக்கு ஆட்டிசம் அறிகுறி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கும் முகாம். எங்கள் பத்திரிகைக்கு நூறு சொல் போதும் என்றார்கள். தலைமை மருத்துவர் நாற்பது நிமிடமாகப் பேசிக்கொண்டிருந்தார். ‘ஆட்டிசம்’ ஒரு முறை வந்தது. ‘என் தலைமையில்’ பதினொரு முறை. (கத்தரிக்கோல் மறந்துபோனதால் திறப்பு நாடாவை ரொட்டிக் கத்தியால் அறுத்தார்கள். செய்தியில் ‘வெட்டினார்’ என்றே போடுவேன்.)

2.

முதல் தொடக்கம்: ‘மலைகளின் மேல் பனி...’ வேண்டாம். இந்த ஊரில் இருந்துகொண்டு பனியை எழுதுகிறவன் சோம்பேறி.

இரண்டாவது தொடக்கம்: கூடத்தின் மூலையில் ஒன்றரை வயதுப் பையன் தேநீர்க் கிண்ணத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தான். இதுதான்! பக்கத்தில் அவன் அம்மா பெகாயிம். அவளுடைய மாமனார் மாம்பெத், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். உயரமான வெள்ளைத் தொப்பி, அதைவிட உயரமான குரல். நர்ஸ் நுர்சாத் கையில் கேள்வித்தாள்.

“பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்புறானாம்மா?”

பெகாயிம் தரையைப் பார்த்தாள். நுர்சாத் தானே கூப்பிட்டாள். “ஒஸ்மொன்! டேய், ஒஸ்மொன்!”

கிண்ணம்தான் சுழன்றது.

“திரும்பலன்னு போட்டுக்கவா?”

“போடாத!” மாம்பெத் எழுந்தார். “ஒஸ்மொன் எங்க அப்பா பேரு. மருமக வாயால அதைச் சொல்லலாமா? கண்ணு பட்டுறக் கூடாதுன்னு வீட்ல எல்லாரும் நாய்க்குட்டின்னுதான் கூப்பிடுறோம். திடீர்னு ஒஸ்மொன்னா எவன் திரும்புவான்?”

3.

நான் துள்ளிவிட்டேன். கதை கிடைத்துவிட்டது! எங்கோ எழுதிய கேள்வி, எங்கள் மருமகள்கள் புகுந்த வீட்டுப் பெரியவர் பேரை வாயால் சொல்லக் கூடாது என்பது அதற்குத் தெரியவில்லை. முடிவுகூடத் தயார்: அம்மா ‘நாய்க்குட்டி’ என்பாள், குழந்தை சிரித்தபடி திரும்பி...

இல்லை. பெகாயிம் மூன்று முறை கூப்பிட்டாள். “நாய்க்குட்டி... என் நாய்க்குட்டி...” அவன் திரும்பவில்லை. நுர்சாத் அவன் முதுகுக்குப் பின்னால் கரண்டியைத் தட்டினாள், உடனே திரும்பினான்.

“காது கேக்குதுன்னு தோணுது. எதுக்கும் அதையும் சோதிச்சிடலாம். பயப்படாதீங்க, இந்தத் தாள் முடிவு சொல்லாது. இன்னும் பாக்கணும்னுதான் சொல்லும். வியாழக்கிழமை பிஷ்கெக்லருந்து டாக்டரம்மா வர்றாங்க. இப்பவே தெரிஞ்சா இப்பவே உதவலாம்.”

“எங்க வம்சத்துல அப்படி யாரும் கிடையாது,” என்றார் மாம்பெத். “ நானே நாலு வயசு வரைக்கும் பேசல. அப்புறம் பேசலயா?”

“இன்னும் நிறுத்தலயே, சார்,” என்றாள் நுர்சாத்.

4.

(மாம்பெத்தை வில்லனாக்கப் பார்த்தேன். அவர் ஒத்துழைக்கவில்லை. கிண்ணம் உருண்டு ஓடும்போதெல்லாம், வலிக்கும் முட்டியோடு குனிந்து எடுத்துப் பேரன் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.)

நுர்சாத் நீட்டிய சம்மதத் தாளை மாம்பெத் தள்ளிவிட்டார். “கையெழுத்தெல்லாம் வேணாம். வாம்மா, போலாம்.”

பெகாயிம் நகரவில்லை. மகன் முன்னால் மண்டியிட்டாள். கல்யாணமாகி நான்கு வருடத்தில் ஒருமுறைகூட அவள் வாயில் வராத பெயரைச் சத்தமாகச் சொன்னாள்.

“ஒஸ்மொன்!”

தலைமை மருத்துவரே பேச்சை நிறுத்தினார். மாம்பெத் வெடுக்கென்று வாசல் பக்கம் திரும்பினார், அப்பாவே வந்து நிற்கிற மாதிரி.

“மன்னிச்சிடுங்க மாமா. அவன் பேரு அவனுக்குத் தெரியணும்ல. நானே சொல்லலன்னா வேற யாரு சொல்லுவா?”

மாம்பெத் தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். “வியாழக்கிழமை எத்தனை மணிக்கு?”

“ஒம்போதுக்கு சார்.”

“எட்டுக்கே வந்துடுவோம்.”

5.

ஒஸ்மொன் திரும்பினானா என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்ல மாட்டேன். திரும்பினான் என்றால் நிம்மதியாக மறந்துவிடுவீர்கள். இல்லை என்றால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறந்துவிடுவீர்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை: எதை எழுதினாலும், வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த மூன்று பேரும் வாசலில் நிற்க வேண்டும்.

..................