கிரண் வரும் வரைக்கும்

திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை விரித்துவிட்டார். "ஏமி லாபம் லேதம்மா. மூளைக்குள்ள ரத்தம் பரவிடுச்சு. குழாயை எடுத்தா மூச்சு நின்னுடும். கடைசி மூச்சு வீட்ல போவணும்னா இப்பவே தூக்கிக்கினு போங்க" என்றார், பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாக.

செல்லியம்மாவுக்கு அழக்கூடத் தெம்பில்லை. முந்தாநாள் காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே சரிந்து விழுந்தவர் அவள் புருஷன் துலுக்காணம் வாத்தியார். அதன் பிறகு கண்ணே திறக்கவில்லை.

வாத்தியாரிடம் படித்த புருஷோத்தமன்தான் கூட வந்திருந்தான். அவன் செல்போனில் அமெரிக்காவிலிருந்து செல்லியம்மாவின் ஒரே மகன் கிரண்குமார் கத்தினான். "அம்மா, டிக்கெட் போட்டுட்டேன். நான் வர வரைக்கும் நைனாவ வச்சிக்கினு இரு. உயிரோட ஒருதபா பாத்துடறேன். உன் கால்ல விழறேம்மா."

அவளால் மறுக்க முடியவில்லை. வாத்தியாரின் அப்பன் கார்வேட்டிநகரத்து மாந்தோப்புகளில் கூலிக்கு இருந்தவர். அவர் செத்த அன்று வாத்தியார் மதனப்பள்ளியில் பரீட்சை டியூட்டியில் இருந்தார். தகவல் கிடைத்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. "எங்கப்பன் மொகத்தப் பாக்கலியே" என்று ஆயுசு முழுக்கச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். அந்த வேதனை பிள்ளைக்கும் வரவேண்டாம் என்று நினைத்தாள்.

நர்ஸ், தொண்டைக் குழாயில் ஒரு ரப்பர் பையை மாட்டி, அதை எப்படி அமுக்குவது என்று புருஷோத்தமனுக்குக் காட்டினாள். அமுக்கினால் காற்று உள்ளே போகும். விட்டால் வெளியே வரும். கை நின்றால் எல்லாம் நின்றுவிடும்.

வேனில் புத்தூர் வழியாக ஊருக்கு வந்து சேரும்வரை அவன் ஒருத்தனே அமுக்கினான். வீட்டில் கட்டிலில் கிடத்தியதும் விஷயம் பரவி ஆட்கள் வந்துவிட்டார்கள்.

வந்தவர்கள் எல்லோரும் வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள். அவர்கள் காலனியிலிருந்து முதன்முதலாகப் பத்தாவது தாண்டியவர் அவர். ஹைஸ்கூலில் தெலுங்கில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், கணக்கு வராதவனைப் பிரம்பால் வெளுத்தார். "இந்த ஊர்ல என்னடா இருக்குது? படிச்சிட்டு ஓடிப்போ" என்பார். கம்ப்யூட்டர் வந்த வருஷங்களில் படித்தவர்கள் அப்படியே ஓடினார்கள். பெங்களூருக்கு, ஹைதராபாத்துக்கு, குவைத்துக்கு. கிரண்குமார் எல்லோரையும்விடத் தூரமாகப் போனான். ஊரில் மிஞ்சியது பெயிலானவர்கள்தான். மாங்காய் டெம்போ ஓட்டுகிற புருஷோத்தமன் பத்தாவதில் கணக்கைத் தாண்டவே இல்லை.

அவர்கள்தான் முறைபோட்டு அமுக்கினார்கள். ஒருத்தன் கை மரத்துப்போனால் அடுத்தவன் பையை வாங்கிக்கொண்டான். மாங்காய் சீசன். லோடு ஏற்ற வேண்டியவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். பை புஸ் புஸ்ஸென்று மூச்சுவிட்டுக்கொண்டே இருந்தது.

செல்லியம்மா தலைமாட்டில் இருந்தாள். நடுவில் அவருடைய கண்ணோரத்தில் நீர் வழிந்ததைப் பார்த்தாள். வலிக்கிறதோ? விடச் சொல்லிக் கெஞ்சுகிறாரோ? ஊசி போடுகிற கிருஷ்ணப்பாவைக் கேட்டாள். "அது தானா வர்றதும்மா, ஒண்ணுமில்ல" என்றார் அவர். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. யார் சந்தோஷத்துக்காக இந்த மனுஷனைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்று தோன்றியது. நிறுத்துங்கடா என்று வாய் வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கினாள்.

பிளேன் நடுவழியில் ஏதோ ஊரில் நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். மறுநாள் மத்தியானம்தான் கிரண்குமார் மெட்ராசில் இறங்கினான்.

"திருத்தணி தாண்டிட்டேம்மா. நைனா இருக்காரில்ல?"

"இருக்காருடா. வா."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் பாதத்தைத் தொட்டவள் திடுக்கிட்டாள். சில்லென்றிருந்தது. மணிக்கட்டைப் பிடித்தாள். கழுத்தில் விரலை வைத்தாள். எங்கேயும் துடிப்பில்லை. மார்பு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, புருஷோத்தமனின் கைக்கு ஏற்றபடி.

அவன் அவளையே பார்த்தான். அவனுக்கும் தெரிந்துவிட்டிருந்தது. கை தானாகத் தளர்ந்தது.

"அமுக்கு" என்றாள்.

"அம்மா... சாரு..."

"அமுக்குடா. எம்புள்ள வந்துக்கினு இருக்குது."

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு அமுக்கினான். கண்ணீர் அவன் கைமேலேயே சொட்டியது. வேறு யாரையும் அவள் கிட்டே விடவில்லை. போர்வையை இழுத்துக் காலை மூடி, உள்ளே கையை விட்டுப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், சூடு வந்துவிடும் என்பது போல. அறையில் இருந்தவர்கள் அவள் புருஷனுக்குப் பணிவிடை செய்கிறாள் என்று நினைத்தார்கள்.

கார் வந்து நின்றது. கிரண்குமார் செருப்போடு ஓடிவந்து பையைப் பிடுங்கினான். "நைனா, நான் வந்துட்டேன். நைனா, பாரு நைனா" என்று கத்திக்கொண்டே வேகவேகமாக அமுக்கினான். "மெதுவாடா" என்றாள் செல்லியம்மா, தன்னையறியாமல்.

கொஞ்ச நேரம் கழித்து கிருஷ்ணப்பா குனிந்து கண்ணிமையை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு கணம் செல்லியம்மாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கிரண்குமாரின் தோளைத் தொட்டார். "போதும் பாபு. போயிட்டாரு."

"இப்பவா?"

"இப்பத்தான்."

அவன் பையைக் கீழே போட்டுவிட்டு அம்மாவின் மடியில் விழுந்தான். "நான் வந்தது தெரிஞ்சிச்சாம்மா அவருக்கு?"

"தெரிஞ்சிதுடா" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை உடைந்து வந்தது.

காரியம் முடிந்து கிரண்குமார் அமெரிக்கா திரும்பினான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்தான். ஒவ்வொரு தடவையும், "நைனா எனக்காகவே காத்துக்கினு இருந்தாரில்லம்மா" என்பான். ஆமாம் என்பாள். போனை வைத்த பிறகு அன்றைக்குச் சோறு இறங்காது.

புருஷோத்தமன் அந்தத் தெருப் பக்கமே வராமல் இருந்தான். மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒருநாள் வாசலில் டெம்போவை நிறுத்தினான். உள்ளே வராமல் நின்றபடியே கேட்டான்.

"அம்மா, நம்ம செஞ்சது சாருக்குத் தெரிஞ்சா அடிப்பாரா?"

அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள இனி வழியில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது.

"தெரியலடா" என்றாள். "உள்ள வந்து கொஞ்ச நேரம் உக்காரு. தனியா இருக்க முடியல."