ஏழு நாள் எண்ணிக்கை

எட்டு வருஷமாக ஆயிஷா சித்திகாவுக்குப் பெருங்குடலில் புண். மாத்திரை, ஊசி, ஸ்டீராய்டு எல்லாம் பார்த்தாயிற்று. முகம் உப்பியதுதான் மிச்சம். கல்யாண மண்டபத்துக்குப் போனால் மற்றவர்கள் பிரியாணி எங்கே என்று பார்ப்பார்கள், இவள் கக்கூஸ் எங்கே என்று பார்ப்பாள். இனி குடலை வெட்டியெடுத்து, மலம் போக வயிற்றில் பை கட்ட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில், ஸ்டெம் செல் ஊசி போட்டுப் பார்க்கும் ஆராய்ச்சி வந்தது. பலிக்கும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. ஆனாலும் பைக்கு முன்னால் இருந்த ஒரே வழி அது.

பன்னிரண்டே இடம், நோய் கடுமையாக இருப்பவர்களுக்கு மட்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறாள், ரத்தம் உண்டா என்று ஏழு நாள் தொடர்ந்து சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து நாகஜோதி என்ற ஊழியர் தினமும் பதினோரு மணிக்குப் போனில் கேட்பார். ஆயிஷா தன் நம்பரைத்தான் கொடுக்கப் போனாள், புருஷன் உமர் பாரூக் விடவில்லை.

"ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட ஆம்பள பேசுனாத்தான் மதிப்பாங்க. நீ எழுதிக் குடு, நான் சொல்லிக்கிறேன்."

இவளும் மண்டையை ஆட்டித் தொலைத்தாள். தினமும் அவள் எழுதிய சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவன் தன் பாத்திரக் கடைக்குப் போனான்.

எட்டாம் நாள் டாக்டர் வசுந்தரா கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்தார். "நல்ல செய்திம்மா. ஒரு நாளைக்கு ரெண்டு தடவைதான், ரத்தமே இல்ல. நோய் அடங்கியிருக்கு. இந்த ஊசி உங்களுக்குத் தேவையில்ல."

"யாருக்கு டாக்டர் அடங்கியிருக்கு?"

டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். இரண்டு, ஒன்று, இரண்டு. சீட்டில் அவள் எழுதியது பதினொன்று, பதின்மூன்று, பத்து. ஆயிஷா புருஷனைப் பார்த்தாள். அவனோ சுவரில் மாட்டியிருந்த குடல் படத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கடை நிறைய ஆளு," என்றான் கடைசியில். "போன்ல அந்தம்மா, உங்க வீட்டுல எப்படி இருக்காங்கன்னு கேக்கும். அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கான்னுவேன். பெறகு எத்தனை தடவைன்னு கேக்கும். பக்கத்துக் கடை துளசிராம் அண்ணே கிட்டக்கவே நிக்கிறாரு. பொண்டாட்டி பதிமூணு தடவை போனான்னு எப்படிச் சொல்றது?"

"அதுக்காக ரெண்டா?"

"எல்லாரும் போறது அம்புட்டுத்தானே?"

டாக்டர் பாவம், உடனே இரண்டு மூன்று பேருக்குப் போன் போட்டார். பன்னிரண்டாவது இடமும் நேற்றே நிரம்பிவிட்டது. அடுத்த ஆராய்ச்சி வந்தால் அடுத்த வருஷம். அதுவரை குடல் தாங்காது என்பது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

பஸ் ஸ்டாண்டு வரை ஆயிஷா புருஷனை முந்திக்கொண்டு நடந்தாள். வாயைத் திறந்தால் அழுகை வருமா, கெட்ட வார்த்தை வருமா என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் உடம்பு பட்ட பாட்டையெல்லாம் இந்த மனுஷன் கௌரவமாக இரண்டாக்கிவிட்டான். நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. அதே நேரத்தில் வயிறும் முறுக்கியது. பெண்கள் கழிப்பறை வாசலில் பத்துப் பேர் வரிசை.

உமர் பாரூக் அவள் முகத்தைப் பார்த்தான். அடுத்த நொடி வரிசைக்கு முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அம்மாமாருகளே, வழி விடுங்க! எம் பொண்டாட்டிக்குக் குடல்ல புண்ணு! விடிஞ்சதுல இருந்து இது ஏழாவது தடவை! ரத்தமாப் போகுது!"

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. வரிசை விலகியது. ஆயிஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவனைத் தாண்டி ஓடினாள்.

"எட்டு," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "இந்த வாயி அந்த ஏழு நாளும் எங்க போச்சு?"